கழிவு போக இருபத்தொன்று

அக்கா செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். தங்கமான பிள்ளை, கொழும்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று. ஏன் போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். அவர்களுடைய பிள்ளைகள்தான் அன்றைக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அக்கா எப்படிப் படிப்பித்தாள் என்று நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

எங்கள் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே இருக்கிறது. தேயிலை, ஓடைக்கரையில் மிளகும் சாதிக்காயும். பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். தகரக் கூரை, இடுப்பளவு சுவர். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு வாங்குப் பெஞ்சைப் போட்டிருப்பார்கள், அதுதான் மதில். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அன்றைக்கெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்போம்.

பெரிய சேர் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வருவார். வழியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் இறக்கிச் சோதித்தால் அவர் வந்து சேர வெயில் ஏறிவிடும். பகல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்த இடைவெளிக்குள் ஐந்து வகுப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலகையில் எழுதி ஒரு பிள்ளையின் கையில் பிரம்பைக் கொடுப்பார். அது ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டும், நாங்கள் கத்துவோம். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோமோ அவ்வளவு படிக்கிறோம் என்பதுதான் தோட்டத்துக் கணக்கு.

"இன்னைக்கு நல்லா படிச்சீங்க போல. ஆறாம் நம்பர் மலை வரைக்கும் கேட்டுச்சு" என்று அம்மா கூடையை இறக்கி வைக்கும்போது சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அக்கா ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியதும் அதே பள்ளிக்கூடத்துக்குத் தொண்டர் ஆசிரியராகப் போனாள். சம்பளம் கிடையாது. பிறகு நிரந்தர நியமனம் கொடுப்பார்கள் என்ற பேச்சு மட்டும் இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் அம்மா அவளைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி கூடை தூக்காமல் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. நியமனம் கிடைத்தால் எங்கள் மூன்று பேரின் வாழ்க்கையும் மாறிவிடும். கிடைக்காவிட்டால் அவளுக்கும் கூடைதான். இதை அம்மா ஒளித்துப் பேசவில்லை. தினமும் சாமி படத்துக்கு முன்னால் சத்தமாகவே சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் அவளை டீச்சர் என்றுதான் நான் கூப்பிட வேண்டும். முதல் நாளே மறந்து "அக்கா, ஒண்ணுக்கு போகணும்" என்றேன். மண்டபமே சிரித்தது. "எந்த அக்கா? இங்க உங்க அக்கா யாரும் வரலியே" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பு வராமல்.

அந்த வாரமே அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாக எழுப்பி, "ஏழெட்டு எவ்வளவுடா?" என்று கேட்டாள். அவன் வாய் முணுமுணுத்தது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"வந்துக்கிட்டு இருக்கேன் டீச்சர். இப்பதான் ஏழஞ்சுல நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஏழாம் வாய்ப்பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஏழொன்றில் ஏறினால்தான் ஏழெட்டில் இறங்க முடியும். நடுவில் இறக்கிவிட்டால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. வாசிப்பும் அப்படித்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தமிழ்ப் புத்தகத்தை மளமளவென்று வாசித்தது. அக்கா படத்தின் மேல் கையை வைத்து மூடினாள். பிள்ளை நின்றுவிட்டது. "கைய எடுங்க டீச்சர். படம் தெரிஞ்சாத்தானே வாசிக்க முடியும்" என்றது.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"அம்மா, இதுங்க படிக்கல. பாடுதுங்க."

"பாடட்டுமே. நாங்கள்லாம் அது கூட பாடல" என்றாள் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் அவள் தன் வழியில் படிப்பிக்கத் தொடங்கினாள். எங்கே படித்தாள் என்று கேட்டால் எங்கேயும் இல்லை. அவளாக யோசித்தது. பத்துக்கு ஒரு சாதிக்காய்க் கொட்டை, ஒன்றுக்கு ஒரு மிளகு. வாங்கின் மேல் வைத்து எண்ண வேண்டும், பத்து மிளகு சேர்ந்தால் கொடுத்துவிட்டு ஒரு கொட்டை வாங்க வேண்டும். மிளகு உருண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடும். ஒருவன் மூக்குக்குள் போட்டுக்கொண்டு அவனைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டி வந்தது. பெரிய சேர் தும்மிக்கொண்டே, "மிஸ், இது என்ன பள்ளிக்கூடமா, சரக்குக் கடையா?" என்பார். ஆனால் தடுக்கவில்லை.

இன்னொன்று அவளுடைய கேள்வி. எந்தப் பிள்ளை என்ன விடை சொன்னாலும், சரியோ பிழையோ, "எப்படி வந்துச்சு?" என்று கேட்பாள். தொடக்கத்தில் இது பெரிய தொல்லை. மறுபடி கேட்டால் பிழை என்று அர்த்தம், அப்படித்தான் நாங்கள் பழகியிருந்தோம்.

"அஞ்சு டீச்சர்."

"எப்படி வந்துச்சு?"

"அப்ப ஆறு டீச்சர்."

"நான் பிழைன்னு சொன்னேனா? எப்படி வந்துச்சுன்னுதானே கேட்டேன்."

"நாலு டீச்சர்."

அழாத குறையாக நிற்பார்கள். எங்களுக்கு அது பழக மாதக்கணக்கானது. பழகிய பிறகு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். விளையாடும் இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், எங்கே பார்த்தாலும் "எப்படி வந்துச்சு, சொல்லுடா." அம்மாமாருக்குத் தலைவலி. உப்பு கூடிவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்ல, எப்படிக் கூடியது என்று அடுத்த பிள்ளை கேட்க, இரண்டும் அடி வாங்கின.

அவள் செய்ததில் எல்லோருக்கும் பிடித்தது நிறுவை விளையாட்டு. ஒரு கம்பின் இரண்டு பக்கமும் பால்மா டின்னைக் கட்டித் தொங்கவிட்டாள். கல் போட்டு நிறுக்க வேண்டும். ஒரு பிள்ளை நிறை பார்த்து எழுதும் கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் கொழுந்துக்காரிகள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காற்சட்டையை நெஞ்சு வரை இழுத்துவிட்டு, காதில் சோக்குக் கட்டியைச் செருகிக்கொண்டு, நிஜக் கணக்கப்பிள்ளை மாதிரியே கத்துவான்: "பதினஞ்சு! ரெண்டு கழிவு! பதிமூணு! அடுத்தவ வா, மசமசன்னு நிக்காத!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எங்கள் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிப்பார்கள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சொல்வார்கள். வெயில் சுட்டெரிக்கிற மாதத்திலும் ஈரம் கழியும். நாங்கள் பிறந்ததிலிருந்து அம்மாமாரின் வாயில் கேட்டது இது. விளையாட்டிலும் பிள்ளைகள் அப்படியே கழித்தார்கள், அக்கா தடுக்கவில்லை. கழித்தல் வராத பிள்ளைகளுக்கெல்லாம் அந்த விளையாட்டில் கழித்தல் வந்துவிட்டது. "பாத்தியாடி, புத்தகத்துல ஒரு தவணையா வராதது ஒரு கிழமையில வந்துருச்சு" என்று என்னிடம் சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

பிறகு வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. தொண்டர் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அதிகாரிக்கு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் நியமனத்துக்குப் பெயர் அனுப்புவார்கள். அக்கா மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டாள். சேர்த்தல் பாடம்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் பெரிய சேர் அவள் எழுதி வைத்திருந்த கணக்கைப் பார்த்தார்.

"மாம்பழம் போடுங்க மிஸ். புத்தகத்துல மாம்பழம்தானே இருக்கு."

"இதுங்க எந்த மாம்பழத்த சேர் எண்ணிச்சுங்க? கொழுந்துன்னா இதுங்களுக்கு உசிரு."

"உங்க விருப்பம்."

அதுவரை கொழுந்து விளையாட்டில்தான் இருந்தது. பலகையில் கணக்காக அவள் எழுதியதே இல்லை. அதை யோசிக்க அவளுக்கு அன்று நேரமில்லை. அன்றிரவு அம்மா அவளுடைய சேலைக்கு மடிப்பு வைத்து, பாய்க்கடியில் போட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டாள்.

வந்தவர் நல்ல மனிதர்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தார், பெரிய சேர் வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்து முன்வரிசைப் பிள்ளைக்குக் கொடுத்தார். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா பலகையில் எழுதினாள்: ஒரு பெண் காலையில் பன்னிரண்டு கிலோ கொழுந்து பறித்தாள். மாலையில் பதின்மூன்று கிலோ பறித்தாள். மொத்தம் எத்தனை கிலோ?

அவள் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்பு முழுவதும் கையைத் தூக்கியது. பின்னால் ஐந்தாம் வகுப்பில் இருந்த நானும் தூக்கிவிட்டேன், அவ்வளவு சுலபம். அவள் ஒரு பிள்ளையைத்தான் கூப்பிட்டாள். ஆனால் சந்தோஷத்தில் அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"இருபத்தொண்ணு, டீச்சர்!"

காலையில் ஒரு நிறுவை, மாலையில் ஒரு நிறுவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை.

அக்காவின் முகத்தில் முதலில் ஒன்றும் புரியாதது தெரிந்தது. பிறகு புரிந்தது. நான் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். "எப்படி வந்..."

"வேணாம் மிஸ்" என்றார் பின்னாலிருந்தவர், கையைத் தூக்கி. "நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. புள்ளைங்களே சொல்லட்டும். எத்தனை புள்ளைங்களா? இன்னொரு தடவ சொல்லுங்க."

"இருபத்தொண்ணு, சேர்!"

இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். ஆறாம் நம்பர் மலைக்குக் கேட்டிருக்கும்.

அவர் எதையோ எழுதினார். அக்கா சோக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். காதில் சோக்குச் செருகும் அந்தப் பையன் எழுந்து கணக்கப்பிள்ளை மாதிரியே நடித்துக் காட்டியிருப்பான். அவர் சிரித்திருப்பார். ஆனால் விடையை எடுத்துக் கொடுக்கும் டீச்சர் என்று அவர் ஏற்கெனவே நினைத்துவிட்டார் என்று அவளுக்குப் பயம். பாதிக் கேள்வி வாயிலேயே நின்றுவிட்டது.

பெரிய சேருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் மானம் போகிறதே என்று நினைத்திருப்பார். எழுந்து மேசையைத் தட்டினார். "எங்க, எல்லாரும்! ஏழாம் வாய்ப்பாடு!"

ஏழொன்று ஏழு. ஐந்து வகுப்பும் சேர்ந்து பாடினோம். ஒரு இடத்திலும் தட்டாமல் கடைசி வரை. வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் "வெரி குட்" என்றார். நானும் பாடினேன். பாடும்போது அக்காவைப் பார்க்கவில்லை.

அவர் வேனில் ஏறும்போது அவள் ஓடிப் போய்ச் சொன்னாள். மடுவத்தில் எப்படிக் கழிப்பார்கள், பிள்ளைகள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று. வேனின் பக்கத்தில் தேயிலைச் செடிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது தோட்டத்துக் கதை மிஸ். பாடப் புத்தகத்துல கழிவு இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. கீழே டவுனிலிருந்து வேறொருவருக்கு நியமனம் கிடைத்தது. அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டு வாசலுக்கு வந்து, "டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்டார்கள். அம்மா அவர்களைத் துரத்தினாள். "உங்களுக்கு ஒரு கூட்டல் கணக்கு சொல்லத் தெரியல. போங்க!" அந்தப் பிள்ளைகளுக்கு அன்று வரை விடை பிழை என்றே தெரியாது.

அக்கா கூடை தூக்க மாட்டேன் என்றாள். அம்மா கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை என்று பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். எனக்குச் சட்டைத் துணி கொண்டுவருவாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கீழே பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே அவர்கள் நோட்ஸ் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். ஒரு தடவை "எப்படி சேர்?" என்று கேட்டேன். எதிர்த்துப் பேசுகிறேன் என்று வெளியே நிறுத்தினார்கள். அம்மாவுக்கு முதுகு முடியாமல் போனதும் நான் நின்றுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. எனக்கும் பெரிதாகத் துக்கமில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை அவள் இருந்த பக்கத்தில் சுற்றிவளைப்பு. அறையில் தோட்டத்துப் பெண்கள் ஐந்தாறு பேர். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த கடிதம் புதுப்பிக்கவில்லையாம். பொழுது சாய்ந்த பிறகு வெளியே போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பனடோலைப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். தாங்க முடியாமல்தான் ஊருக்குப் பஸ் ஏறினாள். வழியில் இறக்கி நிறுத்தியபோது ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆமிக்காரப் பையன் தண்ணீர் கொடுத்து மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட்டானாம். வீட்டுக்கு வந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சின்னப் பையன்டி. தண்ணி குடுத்தான்."

மாத்தளை ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றும் பெரிதாக இல்லை. வாய் கசக்கிறது, ஒரு தோடம்பழம் வாங்கிவா என்றாள். நான் வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

இப்போது நான் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சத்தம் இங்கே நன்றாகவே கேட்கிறது. ஏழொன்று ஏழு. நன்றாகத்தான் பாடுகிறார்கள்.

அக்காவின் மூன்றாம் வகுப்பில் முன்வரிசையில் பிஸ்கட் வாங்கிய பிள்ளை இப்போது வளர்ந்து, புதிதாகப் பேர் பதிந்து, வேலைக்கு வந்திருக்கிறது. அவளுடைய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மடுவத்தில் எனக்கு முன்னால் நின்றாள். தராசு முள் இருபதில் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. கணக்கப்பிள்ளை பதினேழு என்று எழுதினார்.

"எப்படி வந்துச்சு ஐயா?"

அவள் அக்காவின் அதே இழுப்போடு கேட்டாள்.

"என்ன எப்படி வந்துச்சு?"

"முள்ளு இருபதுல நிக்குது. ரெண்டுன்னாலும் பதினெட்டு. பதினேழு எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்."

"ஓஹோ, டீச்சரம்மா வந்துட்டாங்க" என்றார் அவர். "எல்லாரும் எழும்பி நில்லுங்க." வரிசையில் சிலர் சிரித்தார்கள். "முத்தின இலைக்கு ஒண்ணு. இன்னும் கேட்டா, கேள்விக்கு ஒண்ணு. கழிக்கவா?"

"நகருடி, புள்ளைக்குப் பால் குடுக்கப் போகணும்" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீச்சரின் தங்கை. ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் அவளுடைய வெறுங்கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "வா, போவோம்" என்றேன்.

மலைக்கு ஏறும்போது கேட்டாள். "நான் கேட்டது சரிதானே அக்கா?"

"சரிதான்."

"அப்ப ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல?"

வெயிலாக இருக்கிறது, முக்காட்டை இழுத்துவிடு என்றேன்.

மறுநாள் அவளுடைய கூடைக்கு முள் பத்தொன்பதில் நின்றது. கணக்கப்பிள்ளை பதினாறு என்றார். அவள் முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். அப்படிக் கேட்க அக்காவிடம் பழகுவதற்கு அவளுக்கு எத்தனை மாதம் ஆனது. விட்டுவிட ஒரே நாள் போதுமாக இருந்தது. நான் என் கூடையைக் கொண்டுபோய்த் தராசில் மாட்டினேன்.